சரி பண்ணணுமாம்

சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பெர்னதெத் ஜன்னலோர மேசையில் வந்து உட்கார்ந்தபோது, அந்த பிஸ்கட் டின் நேற்று சாயங்காலம் லிடியா வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. ராத்திரி அதை அவள் தொடவில்லை. காலையில் பூசைக்குப் போய் வந்து, சமைத்து, துணி துவைத்துக் காயப்போட்டு, கச்சான் காற்றில் பறந்துபோய் பக்கத்து வீட்டு ஓட்டில் விழுந்த தலையணை உறையைக் கம்பால் இழுத்தெடுத்து, இனிச் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை என்று ஆன பிறகுதான் இங்கே வந்திருக்கிறாள். லிடியா அண்ணன் கஸ்பாரின் மகள். அத்தை வீட்டுக்குள் அவள் கால் வைத்தது நேற்றுதான் முதல் தடவை. கோவிலில் பார்த்தால் தலையை ஆட்டுவாள், மழை பெய்த ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் குடைக்குள் இடம் கொடுத்தாள், அவ்வளவுதான் பழக்கம். நேற்று வந்தவள் உட்காரக்கூட இல்லை. கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு, தன் நம்பரை அத்தையின் போனில் பதிந்து கொடுத்துவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அத்தை, இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாவ அப்பா. வீலெல்லாம் லொடலொடன்னு ஆடுது. சரி பண்ணணுமாம்." பண்ணணுமாம். அந்த 'ஆம்'தான் ராத்திரி முழுக்க முள் மாதிரி தொண்டையில் நின்றது. பண்ணணும் என்று சொன்னவன் அண்ணன். 'ஆம்' போட்டவள் மகள். அந்தக் கடைசி எழுத்துக்குப் பின்னால் அவன் எந்த முகத்தோடு நின்று சொல்லியிருப்பான்? யோசித்துப் பார்த்தால் இருபது வருஷத்துக்கு மேலாக அண்ணன் என்பவன் அவளுக்கு ஒரு 'ஆம்' ஆகத்தான் இருக்கிறான். கஸ்பாருக்குச் சுகராம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினது போதும் என்று முன்கூட்டியே ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டானாம். மீன்காரி சொன்னது, கோவில் வாசலில் சொன்னது, காய்கறிக் கடையில் காதில் விழுந்தது. போன வாரம் மீன்காரி நெத்திலியை அளந்து போட்டுக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். மகளுக்கு மங்களூருக்கு மாற்றலாம், அண்ணாச்சியும் கூடவே போறாவளாம், வீட்டைப் பூட்டப் போறாவளாம். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீடு.

டின்னின் மூடி இறுகியிருந்தது. ஸ்பூன் காம்பை விட்டு நெம்பியதும் திறந்துகொண்டு, உள்ளேயிருந்து பழைய மெஷின் எண்ணெயும் துருவும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறியது. அப்பாவின் சட்டை வாடை. இல்லை, அப்பாவின் சட்டையில் சோப்பு வாடையும் இருக்கும், இதில் இல்லை. கிழிந்த பனியன் துணியில் சுற்றிச் சுற்றி வைத்திருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பால் லாரி. சிவப்பு மாடி பஸ். தீயணைப்பு வண்டி. கூரை இல்லாத ஒரு கறுப்புக் கார். எல்லாம் உலோகத்தில் வார்த்த பொம்மை வண்டிகள், உள்ளங்கைக்குள் அடங்குகிறவை, அந்த அளவுக்குப் பொருந்தாத கனம். அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் ஆயில்மேன். மூன்று மாதம், ஐந்து மாதம் என்று போய்விட்டு வரும்போதெல்லாம் மகனுக்கு ஒரு வண்டி வரும். மகளுக்கு ரிப்பன் வரும், கண்ணை மூடித் திறக்கிற பொம்மை வரும். கண் மூடித் திறக்கிற பொம்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூடும், திறக்கும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. வண்டி அப்படியா. அவள் பால் லாரியைப் புரட்டிப் போட்டுப் பார்த்தாள். முன் டயர் இரண்டும் ரப்பராகவே இல்லை. உருகித் தார் மாதிரி சக்கரத்தோடு அப்பிக்கொண்டிருந்தது. பின் டயர்கள் நேர்மாறு, காய்ந்து வெடித்து, நகம் பட்டதும் பொரி மாதிரி உதிர்ந்தன. ஒரே வண்டி, ஒரே டப்பா, ஒரே காற்று. ஒன்று உருகியிருக்கிறது, ஒன்று காய்ந்திருக்கிறது. அது ஏன் அப்படி என்று கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் போனில் கேட்டிருக்கிறார், பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கிறவர், பழுது பார்க்க இவளுக்குக் கூரியரில் அனுப்பிக்கொண்டே இருப்பார். தெரியாது டாக்டர் என்றுதான் சொன்னாள். இப்போதும் தெரியாது. ஊசி முனையால் தாரைக் கீறி எடுத்து, பஞ்சில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைக்கத் துடைக்க, கறுப்புக்கு அடியிலிருந்து சின்னச் சக்கரம் வெள்ளையாக வந்தது. சைக்கிள் வால்வ் டியூப் ஒரு முழம் அவளிடம் எப்போதும் இருக்கும். பிளேடால் வளையம் வளையமாக நறுக்கி, வெந்நீரில் போட்டு இளக்கி, கொஞ்சம் முகப்பவுடர் தடவி, சக்கரத்தின் விளிம்பில் ஒரு பக்கம் மாட்டி மறுபக்கத்தை நகத்தால் தள்ளினால் டப்பென்று உட்காரும். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். பெண்கள் கல்லூரியில் பௌதிக லேப் அட்டெண்டராக இருந்த காலம் முழுக்க, உடைந்த தராசுக்கும் அறுந்த கம்பிச்சுருளுக்கும் கைவேலை பார்த்துப் பார்த்து, இப்படிச் சின்னச் சின்ன விஷயம் பொருந்துகிற சத்தத்துக்குக் காது பழகிவிட்டது. டப். ஒன்று. அடுத்தது. ஆனால் எதற்காக அனுப்பினான்?

ஊரை விட்டுப் போகிறவன் வீட்டை ஒழிக்கிறான். ஒழிக்கும்போது பரணில் கிடந்தது அகப்பட்டிருக்கும். எறிய மனசில்லை, கொண்டுபோகவும் இடமில்லை, இவள்தான் பொம்மை வண்டிக்கு வைத்தியம் பார்க்கிறாளாமே, அங்கே தள்ளிவிடு என்று சொல்லியிருப்பான். அப்படியானால் இது கழிவு. ஆனால் தள்ளிவிடுகிறவன் சரி பண்ணச் சொல்வானா? சரி பண்ணு என்றால் திருப்பி வேண்டும் என்று அர்த்தம். திருப்பி வேண்டும் என்றால் யார் வந்து வாங்குவது? மறுபடி மகளை அனுப்புவானா? அல்லது, அவள் கை சக்கரத்தின் மேல் நின்றது, இதுதான் அவன் பாணியோ? சின்ன வயசில் அப்படித்தான். கஸ்பார் சிமெண்டுத் தரையில் மண்டி போட்டு வண்டி ஓட்டுவான், வாயால் எஞ்சின் சத்தம் கொடுப்பான், இவள் சுவரோரம் உட்கார்ந்து பார்க்கலாம், தொடக்கூடாது. பொம்பளைப் பிள்ளைக்கு வண்டி எதுக்கு என்று அம்மா சொல்வாள். அம்மா சொன்னதை அவன் சட்டமாக வைத்துக்கொண்டான். ஆனால் சக்கரம் கழன்றுவிட்டால் மட்டும், தலையைத் தூக்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டி, "ஒர்க் ஷாப்" என்பான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்திருக்கிறாள். தீப்பெட்டிக் குச்சி, நூல், மெழுகுவர்த்தித் துண்டு எல்லாம் பாவாடைச் சுருக்குக்குள் தயாராக இருக்கும். மாதா கோவிலில் முழந்தாள் போட்டு, தாயே, இன்றைக்குப் பால் லாரி சக்கரம் கழலட்டும் என்று வேண்டிக்கொண்டதுகூட உண்டு. மாதா பல நாள் கேட்டுமிருக்கிறாள். வண்டி உடைந்தால்தான் அவள் கைக்கு வரும். சரியானதும் போய்விடும். அதனால் அவள் மெதுவாகத்தான் சரி பண்ணுவாள். கஸ்பார் பக்கத்தில் குந்தியிருந்து, ஆச்சா ஆச்சா என்று நச்சரிப்பான், ஆனால் பிடுங்கமாட்டான். பிடுங்கியதே இல்லை. இதை இத்தனை வருஷம் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. பிடுங்கியிருக்கலாம், பிடுங்குகிற வயசுதான், அவனுடைய வண்டிதான். ஆச்சா ஆச்சா என்று கேட்டுக்கொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இருந்தான்.

பஸ்ஸை எடுத்தாள். முன் சக்கரம் இரண்டும் நன்றாக இருந்தன. பின் அச்சுக்கம்பி வளைந்து, சக்கரம் குடிகாரன் நடை மாதிரி ஆடியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, சக்கரத்துக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவில், கம்பியைச் சுற்றி, இறுக்கி இறுக்கிக் கட்டின நூல் தெரிந்தது. அழுக்கேறிக் கறுத்திருந்தாலும் ஓரத்தில் நீலம் தெரிந்தது. அம்மா ரவிக்கை தைத்த நீல நூல். இது அவள் கட்டியது. பத்து வயசிலா, பதினொன்றிலா, முடிச்சு மேல் முடிச்சு, கடைசியில் மெழுகு ஒரு சொட்டு. பெர்னதெத் சட்டென்று பஸ்ஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர் வீட்டு முருங்கை, அதன் கீழே ஒரு ஸ்கூட்டர், ஸ்கூட்டர் சீட்டில் ஒரு பூனை. பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நினைக்க வேண்டியதில்லை. ஆனால் பூனை எழுந்து போய்விட்டது. இத்தனை வருஷம் இந்த நூல் சக்கரத்தைத் தாங்கியிருக்கிறது என்று நினைத்தபோது, அழுகை மாதிரி ஏதோ ஒன்று நெஞ்சுக்குக் கீழே கிளம்பியது. அதைக் கிளம்ப விடாமல் அவள் பிளேடை எடுத்து முடிச்சை அறுத்தாள். அறுத்தது நல்லதாகப் போயிற்று. நூலுக்கு அடியில் கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தது. உப்புக் காற்றின் ஈரத்தை நூல் பிடித்து வைத்து, வருஷக்கணக்காகக் கம்பியைத் தின்றிருக்கிறது. கட்டாமல் விட்டிருந்தால் சக்கரம் ஆடியிருக்கும், கம்பி பிழைத்திருக்கும். கட்டினதுதான் அரித்தது. அதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, தனியாக இருக்கிற வீட்டில் திடீரென்று வருகிற சிரிப்பு, வந்த வேகத்தில் பயத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அரத்தால் அச்சின் தலையைத் தேய்த்து, பழைய கம்பியை உருவி, அதே கனத்தில் புதுக் கம்பி வெட்டிப் போட்டாள். ஓட்டை அகன்று போயிருந்ததால் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டை உள்ளே செருகினாள். கம்பி முனையில் பஞ்ச் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் முனை நசுங்கித் தலை விரியும், சக்கரம் வெளியே ஓடாது. தட்டினாள். சுண்டிவிட்டதும் சக்கரம் நேராகச் சுற்றியது. நேராகச் சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, எங்கிருந்தோ, மூடின சவப்பெட்டி ஞாபகம் வந்தது.

ஏன் வராது. அப்பா செத்தபோது அவள் பாளையங்கோட்டையில் இருந்தாள், கல்லூரிக்குப் பக்கத்தில் போன் இல்லாத வாடகை அறை. தந்தி வந்து, பஸ் பிடித்து, இறங்கி ஓடினபோது பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டார்கள். கோடைக்காலம், வைத்திருக்க முடியவில்லை என்றார்கள். அப்பா சீக்காகப் படுத்து மூன்று நாள் இருந்தாராம், நினைவு இருந்ததாம், பெர்னாவைக் கூப்பிடு பெர்னாவைக் கூப்பிடு என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அங்கேயும் 'ஆம்' தான். அப்பாவின் கடைசி வார்த்தையே அவளுக்கு 'ஆம்' ஒட்டித்தான் வந்தது. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். கஸ்பார் தாடி வளர்ந்த முகத்தோடு, திருநெல்வேலிக்கு மீன் ஏற்றிப்போன ஐஸ் வண்டிக்காரனிடம் முதல் நாளே சொல்லி அனுப்பினேனே, அவன் வரவில்லையா என்று கேட்டான். அவள் கேட்டதற்கு அவன் ஒரு கேள்வியைப் பதிலாகக் கொடுத்தான். அந்தக் கேள்விதான் அவளைக் கொளுத்தியது. பங்குச்சாமியார் நிற்கிறார், சொந்தம் முழுக்க நிற்கிறது, அத்தனை பேர் முன்னாலும், பொய் சொல்லாதே என்றாள். ஆள் அனுப்பினவன் ஆள் வந்து சேர்ந்தானா என்று பார்க்கமாட்டானா, அப்பா உனக்கு மட்டும்தானா, வண்டி மாதிரி அவரும் உனக்கு மட்டும்தானா. வண்டி என்று ஏன் சொன்னாள்? அந்த இடத்தில் அது யாருக்கும் புரியவில்லை. கஸ்பாருக்குப் புரிந்தது. அவன் முகம் வெளுத்தது அவளுக்கு இப்போதும் தெரிகிறது. இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே என்று, கத்தாமல், கேட்க முடியாத அளவுக்கு மெதுவாகச் சொன்னான். அதோடு சரி. அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பி வந்த பிறகும், அவன் கோவிலில் ஆண்கள் பக்கம், இவள் பெண்கள் பக்கம், நடுவில் ஒரு நடைபாதை. அவன் மனைவி இறந்தபோது இவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றாள். அவன் பார்த்தான். பார்த்தான் என்பது நிச்சயம். மண் அள்ளிப் போட வரிசையில் போனபோது, இவள் முறை வந்ததும் வழிவிட்டு ஒதுங்கி நின்றான். ஒதுங்கினது மரியாதையா, வெறுப்பா? அதையும் வருஷக்கணக்காகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாயிற்று. புரட்டினால் தேய்கிறதே தவிர, ஒன்றும் கழன்று வரவில்லை.

பொய்தானா அது? வேலை ஓடுகிற வேகத்தில் கறுப்புக் காரின் டயர்கள் நான்கும் மாட்டியாகிவிட்டது. கை பாட்டுக்குக் கை செய்கிறது. பொய்யென்றே வைத்துக்கொண்டால் எல்லாம் சுலபமாக இருக்கிறது, இருந்தது. பொய் இல்லையென்றால், ஐஸ் வண்டிக்காரன் ஒருவன் எங்கேயோ வழியில் அப்பாவின் கூப்பாட்டைத் தொலைத்துவிட்டான், யாரும் கெட்டவர் இல்லை, இத்தனை வருஷமும் வீணுக்கு. அதை எப்படி ஏற்றுக்கொள்வது. வீணாகப் போனதை ஏற்றுக்கொள்வதைவிட அண்ணனைப் பொய்யனாக வைத்திருப்பது மேல் என்று ஒரு மனுஷி இருந்திருப்பாளா? இருந்திருப்பாள். இந்த யோசனை வந்ததும் வாய் கசந்தது. எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் குடித்தாள். திரும்பி வரும்போது வேறொரு பயம் கூடவே வந்து உட்கார்ந்தது. சீக்காக இருப்பானோ. சுகர்காரன். சாகப் போகிறவர்கள்தான் பழைய சாமான்களைத் தருவார்கள். லிடியா ஏன் முகத்தைப் பார்க்காமல் காலண்டரையே பார்த்தாள்? சொல்லக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பானோ? மங்களூரே பெரிய ஆஸ்பத்திரிக்காகத்தானோ? சே. மாற்றல் என்று மீன்காரி தெளிவாகச் சொன்னாள். மீன்காரிக்கு என்ன தெரியும். அவள் தீயணைப்பு வண்டியை எடுத்தாள். கடைசியாக வைத்திருந்ததற்குக் காரணம், அதுதான் கஸ்பாரின் உயிர். அதை மட்டும் பழுதானால்கூட ஒரு நாளுக்கு மேல் தரமாட்டான். நான்கு சக்கரமும் ஆடின. அச்சுத் தலைகள் தேய்ந்திருந்தன. புதுக் கம்பி தேவையில்லை, மறுபடி தட்டி விரித்தால் போதும், லேசான வேலை. உளியைக் கம்பி முனையில் வைத்தாள். சுத்தியலைத் தூக்கினாள். ஏதோ தோன்றி, இறக்கிவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். அச்சு ஓட்டையிலிருந்து மேல் நோக்கி, சிவப்பு வண்ணத்துக்குள்ளேயே, தலைமயிர் கனத்தில் விரிசல்கள் கிளை பிரிந்து ஓடின. உலோகமே உள்ளுக்குள் நொந்துபோயிருக்கிறது. சில வார்ப்புகளுக்கு அது உண்டு. வெளியே பளபளக்கும், உள்ளே ரஸ்க். ஒரு தட்டு, கொஞ்சம் கோணலாக விழுந்தாலும், வண்டி அவள் கையிலேயே இரண்டு மூன்று துண்டாகிவிடும். இப்படிப்பட்ட வண்டி வந்தால் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு, மாற்றியதே இல்லை. உடையலாம், தட்டவா வேண்டாமா என்று உடையவரைக் கேட்காமல் கை வைக்கமாட்டாள். டாக்டரானாலும் சரி, யாரானாலும் சரி. இதற்கு உடையவர்?

லிடியாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. ஆபீஸில் இருப்பாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள். இல்லை. வைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம், நாளை மறுநாளும் பார்க்கலாம், அதற்குள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டால்? அண்ணன் வீட்டு போன் நம்பர் அப்பா காலத்து நம்பர், முன்னால் இரண்டு எண் கூடியிருக்கிறதே தவிர, மாறவில்லை. எப்போது மனப்பாடம் செய்தாள் என்றுகூடத் தெரியவில்லை, விரல் பாட்டுக்கு அழுத்தியது. இது வேலை விஷயம். வேலை விஷயமாகக் கூப்பிடுவது பேசுவது ஆகாது. மறுமுனையில் எடுத்தவன் இருமிவிட்டு, "ஆரு?" என்றான். குரல் கிழடாகியிருந்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. கோவிலில் தலை நரைத்ததைப் பார்த்திருக்கிறாள். குரல் நரைத்தது தெரியாது. பெர்னதெத் என்று சொன்னாள், முழுப்பேரும், வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரி. விட்டால் இரண்டு பேருமே வைத்துவிடுவோம் என்று பயந்து மளமளவென்று சொன்னாள், தீயணைப்பு வண்டி விரிசல் விட்டிருக்கிறது, அச்சுத் தலையைத் தட்டினால் உடைந்தாலும் உடையும், உடையவர் சொல்லாமல் நான் தட்டுவதில்லை, மற்றது மூன்றும் சரியாகிவிட்டது.

"என்ன வண்டி?" என்றான் கஸ்பார்.

லிடியா கொண்டுவந்து கொடுத்த வண்டி, நீ கொடுத்து விட்டது என்றாள். அவன் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிற மாதிரி சொன்னான். "நான் ஒண்ணும் குடுத்து விடலயே. அந்த டின்ன நேத்து ராத்திரி தேடுனேன். லாரில போற சாமானோட கட்டிட்டாளோன்னு நெனச்சேன்." அவ்வளவுதான். நேற்றிலிருந்து பெர்னதெத் தோளில் தூக்கிச் சுமந்த அத்தனையும், கழிவா, மன்னிப்பா, சீக்கா, சாவா என்று பிரித்துப் பிரித்து அடுக்கின அத்தனையும், ஒரு பெண் பிள்ளை காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்ன வார்த்தை. பின்னால் யாரும் நிற்கவில்லை. முதலில் முகம் சுட்டது. ஏமாந்துபோன வெட்கம். பிறகு அந்த வெட்கம் இருந்த இடத்திலேயே வேறொன்று கண் விழித்தது. அனுப்பாத சொல் ஒன்று தெருவைக் கடந்து, படி ஏறி, அவள் மேசை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அனுப்பாதது வருமென்றால், அனுப்பினது வராமலும் போயிருக்கலாம். அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். போனை வைத்துவிடப் போகிறான், மூச்சு அப்படித்தான் கேட்கிறது. கேட்க வேண்டியது ஒன்று இருந்தது, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்காதது. கத்தினாள், பழித்தாள், இதை மட்டும் கேட்கவில்லை.

"அண்ணே," என்றாள். "அந்த ஐஸ் வண்டிக்காரன் ஆரு?"

அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. உட்கார்ந்திருப்பான்.

"பேரு தெரியாதுட்டி," என்றான் கஸ்பார். "மொகம் தெரியும். நெத்தியில ஒரு வெட்டுத் தழும்பு. அப்பா அடக்கம் முடிஞ்ச பொறவு ஐஸ் கம்பெனி ஒண்ணு விடாம ஏறி எறங்குனேன். ராமேஸ்வரம் வண்டிங்கான் ஒருத்தன், நாகர்கோவில் வண்டிங்கான் இன்னொருத்தன். ரெண்டு ஊருக்கும் போனேன். ஆளப் பிடிச்சு உன் முன்னால கொண்டு வந்து நிறுத்திட்டுத்தான் உங்கூடப் பேசணும்னு இருந்தேன். ஆம்பிடல." தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "அவன் இல்லாம வந்து என்ன சொல்லச் சொல்லுத?" என்றான்.

மேசையில் பூதக்கண்ணாடிக்கு அடியில் வண்டியின் ஒரு பக்கம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அவன்தான் மறுபடி பேசினான். தட்டினால் உடையும் என்றாயே, ஏன் உடையும் என்று கேட்டான். அவளுக்கு மூச்சு வந்தது. கம்பியின் ஒரு முனையை இரும்புக் கட்டையில் ஊன்றி மறு முனையில் தட்ட வேண்டும், அந்த நேரம் வண்டியின் பாரம் விரிசல் மேல் தொங்கும், வைஸ் இடுக்கியில் பிடித்தால் நொறுங்கும், என் கை இரண்டும் உளிக்கும் சுத்தியலுக்கும் போய்விடும் என்று விவரமாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். கிரேனில் பாரம் தூக்கினவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எடுத்திட்டு இங்க வா," என்றான். "நான் புடிச்சிக்கிடுதேன்."

சுத்தியலையும் உளியையும் இரும்புக் கட்டையையும் துணிப்பையில் போட்டு, வண்டியைப் பனியன் துணியில் சுற்றித் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு அவள் வெளியே இறங்கினபோது வெயில் சாய்ந்திருந்தது. கச்சான் காற்று புழுதியை முகத்தில் அடித்தது. பார்த்ததும் என்ன சொல்வது, செருப்பை எங்கே விடுவது, அண்ணி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்க வேண்டுமா, லிடியா வந்தால் திட்டுவதா, அவன் அழுதுவிட்டால் என்ன செய்வது, அழாவிட்டால் என்ன செய்வது என்று முதல் தெரு முழுக்க மனசு ஓடியது. இரண்டாவது தெருவில் ஒரு மாவு மில், ஒரு சைக்கிள் கடை, ஒரு மளிகைக் கடை. கஸ்பார் வாசலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தான். உள்ளே கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கட்டாமல் விட்டிருந்த மேசையைக் காட்டினான். லைட்டைப் போட்டான். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அவன் வண்டியை வாங்கி, இரண்டு கட்டைவிரலையும் விரிசலுக்கு இரண்டு பக்கமும் கொடுத்து, பாரம் முழுவதையும் தன் உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டான். அவள் உளியை வைத்து, லேசாக ஒரு தட்டு தட்டினாள். நிறுத்திப் பார்த்தாள். இன்னொன்று. மூன்றாவது தட்டில் ஓட்டையின் ஓரத்திலிருந்து ஒரு சிவப்புச் சில்லு தெறித்து மேசையில் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். கஸ்பார் பிடியைத் தளர்த்தவில்லை. அவள் இன்னும் இரண்டு தட்டு தட்டினாள். கம்பித் தலை விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. வண்டி நின்றது.

"கைய எடுண்ணே. இது முடிஞ்சிட்டு," என்றாள்.

"இன்னும் மூணு சக்கரம் இருக்குல்லா," என்றான் கஸ்பார், எடுக்காமலே.